வெள்ளிக்கிழமை பூட்டிய மேனிபோல்ட்

தம்பிமாரே, இன்டேக் மேனிபோல்ட்டின் கேஸ்கட்டை எப்படி மாற்றுவது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அது உங்கள் போனிலேயே இருக்கிறது. எந்த நட்டை முதலில் இறுக்குவது, எவ்வளவுக்கு இறுக்குவது என்று யாரோ ஒருவர் விளங்காத பாஷையில் சொல்ல, நீங்கள் அவர் கையைப் பார்த்தே பிடித்துக்கொள்கிறீர்கள். கெட்டிக்காரர்கள்தான், நான் மறுக்கவில்லை. அண்மையில் உங்கள் கராஜ் ஒன்றுக்கு வந்தபோது ஒரு தம்பி காருக்குள் வயரைச் சொருகிவிட்டு, காய்ச்சல் பார்க்கிற டாக்டர் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னடா வருத்தம் என்று கேட்டேன். “களவாக் காத்து இழுக்குது எண்டு காட்டுது சாச்சா” என்றான். சரியாகத்தான் காட்டியிருக்கிறது. கேஸ்கட் போயிருந்தது.

எங்கள் காலத்தில் காதுதான் மெஷின். இஞ்சினுக்குக் காற்றைப் பங்கிட்டுக் கொடுக்கிற குழாய்க் கூட்டம்தான் இந்த மேனிபோல்ட். அதற்கும் இஞ்சினுக்கும் நடுவில் நசிபட்டுக்கொண்டு கிடக்கிற மெல்லிய சாமான் கேஸ்கட். சூட்டிலும் நடுக்கத்திலும் அது இறுகி, வெடித்துப் போனால் அந்த வெடிப்பால் காற்று உள்ளே நுழையும். கார் ஓரிடத்தில் நிற்கும்போது நடுங்கும், மிதிக்காமலே ரேஸ் கூடும், கிட்டப் போய்க் குனிந்தால் பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கழற்றித் துப்புரவாக்கிப் புதியதைப் போட்டால் சரி. பெரிய வேலை இல்லை. ஆனால் அந்தப் பெரிய வேலை இல்லாத வேலையில்தான் நாங்கள் சிவராசா அண்ணனை இழந்தோம்.

பயப்படாதீர்கள், அவர் மௌத்தாகவில்லை. வீரமுனையில் நல்ல சுகத்தோடு இருக்கிறார், வீட்டோடு சின்னதாய் ஒரு பட்டறையும் வைத்திருக்கிறார். எங்கள் கராஜுக்கு மட்டும் பிறகு வேலைக்கு வரவில்லை. இத்தனை வருடத் தொழிலில் நான் எத்தனையோ இஞ்சின்களைக் கெடுத்தும் இருக்கிறேன், திருத்தியும் இருக்கிறேன். எதையும் நினைத்து இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

எங்கள் கராஜ் கல்முனையில் மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. அதன் சொந்தக்காரரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆளை நான் கண்டதில்லை, அவருடைய மனைவிகூடப் போனில் “பாஸ் நிக்கிறாரா” என்றுதான் கேட்பார். வாய் கொஞ்சம் கடுமை, கை நிதானம், மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத மனிதர். அவருக்குக் கீழே நான் இருந்தேன், சிவராசா அண்ணன் இருந்தார், இன்னும் ஓரிருவர் வந்து வந்து போவார்கள். எங்களுக்குள் சிவராசா அண்ணன் ஒருவர்தான் தமிழாள், எனக்கும் முதலே வந்தவர். பாஸின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் போகாத வயதிலிருந்தே அவருக்குத் தெரியும். பாஸ் வீட்டுப் பெருநாளுக்கு அவர் வருவதும், அவருடைய ஊர்க் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் போய்ப் பந்தலுக்கு வெளியே நின்று கடலை கொறிப்பதும் வழமை.

வெள்ளிக்கிழமைகளில் கராஜ் சிவராசா அண்ணனுடையது என்று பகிடி பண்ணுவோம். ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முதலே நாங்கள் கையைக் கழுவிக்கொண்டு குளிக்க ஓடிவிடுவோம். ஊர்க் கடைகளும் இழுத்து மூடப்படும். கராஜின் கதவு மட்டும் மூடுவதில்லை. அவர் ஒருவர் இருந்து, கழற்றிப் போட்ட சாமான்களுக்குக் காவலாகவும், அவசர வேலை இருந்தால் அதைச் செய்துகொண்டும் இருப்பார். நாங்கள் திரும்பி வரும்போது “முதலாளி, உள்ள வரலாமா?” என்று வாசலில் நின்று கேட்பேன். “செருப்பக் கழட்டிட்டு வா” என்பார்.

அவருடைய வேலையில் ஒரு பழக்கம் இருந்தது, அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வெட்டி முடிந்த வயல்களின் புழுதியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஊருக்குள் கொட்டும். மேனிபோல்ட்டைக் கழற்றினால் இஞ்சினின் துவாரங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதற்குள் புழுதி போகக்கூடாது என்று எல்லோரும் பழந்துணியைச் செருகி வைப்போம். பூட்டும்போது ஒன்றை எடுக்க மறந்தால் கதை கந்தல். அதனால் சிவராசா அண்ணன் துண்டுத் துணிகளைத் தொடவே மாட்டார். மனைவியின் பழைய சாரியில் நீளமாக ஒரு பட்டி கிழித்து வைத்திருந்தார். அதையே ஒரு துவாரத்தில் செருகி, அடுத்ததற்குக் கொண்டுபோய்ச் செருகி, கடைசி முனையை வெளியே தொங்கவிடுவார். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். மறக்கவே வழியில்லை. நான் அதை அவருடைய கொடி என்று கேலி செய்வேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கேலி செய்கிறவன் செய்துவிட்டுப் போகட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை எங்களிடம் நின்றது நிந்தவூர் ஹாஜியாருடைய கார். நெல் வியாபாரி, நாலு பேருக்குத் தெரிந்த மனிதர். அதைவிடப் பெரிய விஷயம், பாஸின் மகளுக்கு அவருடைய மகனைப் பேசியிருந்தார்கள். பேச்சு முடிந்து நாள் மட்டும் குறிக்காமல் இருந்தது. ஹாஜியாரின் மனைவிக்கு மறுநாள் காலை கண்டியில் கண் ஒப்பரேஷன். வெள்ளி பின்னேரமே புறப்பட வேண்டும். காரோ நிற்கிற இடத்தில் நடுங்குகிறது. வருங்காலச் சம்பந்தி கேட்டால் பாஸ் முடியாது என்பாரா? ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள், கார் வாசலில் நிற்கும் என்று சொல்லிவிட்டார்.

கழற்றும் வேலை காலையிலேயே முடிந்துவிட்டது. சிவராசா அண்ணன் இஞ்சின் பக்கத்துக்குச் சாரிப் பட்டியைச் செருகினார். மேனிபோல்ட்டைப் பெற்றோலால் கழுவி, கேஸ்கட் ஒட்டுகிற முகத்தைச் சுரண்டி, மேசையில் காய வைத்தார். புதிய கேஸ்கட் கையில் இருக்கவில்லை. கடைகள் ஜும்ஆவுக்குப் பூட்டினால் பிறகு எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. “பூட்ட முதல் ஓடிட்டு வாறன்” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நானும் குளிக்கப் போய்விட்டேன். பாஸ் கராஜிலேயே குளித்து, வெள்ளைச் சாரனும் சட்டையுமாய்ப் புறப்பட ஆயத்தமாக நின்றார். அதற்குப் பிறகு அங்கே நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை.

நாங்கள் தொழுதுவிட்டு வந்தபோது வேலை முடிந்திருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, நடுக்கம் இல்லை, சீறல் இல்லை. பாஸ் குனிந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு சிவராசா அண்ணனின் முதுகில் தட்டினார். ஹாஜியார் வந்து, மனைவியைப் பின்சீற்றில் சாய்ந்து இருக்கச் செய்து, ஸலாம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

கார் மஹியங்கனை வரைக்கும் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. அதற்கு அப்பால் மலை ஏறும் வளைவுகளில் மூச்சுத் திணற ஆரம்பித்தது. அழுத்த அழுத்த இழுவை குறைந்தது. நடு வளைவில் நின்றே விட்டது. பின்னால் லொறிகள் ஹோர்ன் அடிக்க, கண் தெரியாத மனுஷியைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாஜியார் ரோட்டோரத்தில் நின்றாராம். அவர்கள் விடிந்த பிறகு ஒரு வாகனத்தைப் பிடித்துக் கண்டி போய்ச் சேர்ந்தபோது ஒப்பரேஷன் நேரம் கடந்துவிட்டது. வேறு திகதி தருகிறோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு ஹாஜியார் கராஜுக்கு வந்து இறங்கினார். கூடவே இரண்டு மைத்துனர்கள். சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

“ஒங்கட கராஜ நம்பித்தானே பாஸ் வீட்டுக்காரிய ஏத்திக்கிட்டுப் போனன்!” ஹாஜியார் காரின் மூடியில் கையால் அடித்தார். “நடு மலையில, இருட்டுக்குள்ள, கண் தெரியாத மனுசியோட நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். யாரு பூட்டின இத?”

எல்லோரும் சிவராசா அண்ணனைப் பார்த்தார்கள். “நான்தான் ஹாஜியார்” என்றார் அவர்.

ஹாஜியார் அவரைப் பார்க்கவில்லை. பாஸைப் பார்த்தே கேட்டார். “நாம ஜும்ஆக்குப் போகக்குள்ள நம்மட சாமானயெல்லாம் யாருக்கிட்ட உட்டுட்டுப் போறம் எண்டு பாக்க வேணாமா பாஸ்?”

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது. எங்கள் ஊர்களில் அப்படிப்பட்ட கேள்வி வாயிலிருந்து விழுந்துவிட்டால் அதைப் பொறுக்கி எடுப்பது கஷ்டம். பாஸ் காரின் பக்கம் திரும்பினார். “கழட்டுங்க பாப்பம்” என்று மட்டும் சொன்னார்.

சிவராசா அண்ணனே கழற்றினார். மேனிபோல்ட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே, குழாய்கள் பிரிகிற வளைவில் வழியை அடைத்துக்கொண்டு ஏதோ கிடந்தது; முதலில் ஓரமாகக் கிடந்து, மலையில் இஞ்சின் பலமாகக் காற்றை இழுத்தபோது அங்கே போய் இறுகியிருக்க வேண்டும். நீளக் குறட்டால் இழுத்து எடுத்தார். எண்ணெயும் கரியும் ஊறிய ஒரு துணி. கையில் வைத்து அதை விரித்துப் பார்த்தார். நான் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றேன், துணி எனக்குத் தெரியவில்லை, முகம்தான் தெரிந்தது. அவர் துணியிலிருந்து தலையை நிமிர்த்திப் பாஸைப் பார்த்தார். பிறகு ஹாஜியாரைப் பார்த்தார். துணியைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்.

“என்ட துணிதான் பாஸ். எடுக்க மறந்திட்டன். பிழை என்ட.”

பாஸுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முதலும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. “எத்தின வருசமா வேல செய்றாய்? பூட்ட முதல் துணிய எடுக்கணும் எண்டு தெரியாதா? ஒரு மனுசிட கண்ணுடா! எழும்பிப் போ. இனி இஞ்ச வராத” என்று கத்தினார். இவ்வளவும் ஹாஜியாரின் காதுக்காகவும் கத்தியது என்று இப்போது விளங்குகிறது. அப்போது அது முழுக்கக் கோபமாகத்தான் தெரிந்தது.

சிவராசா அண்ணன் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பாஸ் வேறு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. பாஸ் ஹாஜியாருக்குக் கதிரை எடுத்துப் போடத் திரும்பிவிட்டார். பிறகுதான் அவர் கையைக் கழுவி, சாரிப் பட்டியை மடித்து எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார்.

ஆட்கள் கலைந்த பிறகு நான் பாஸிடம் போய்ச் சொன்னேன். “பாஸ், அந்தாள் துண்டுத் துணி வைக்கிறவரில்லயே. அந்த நீளப் பட்டிதானே வைக்கிற. இது எப்பிடி உள்ள போன?”

“அவனே சொல்றான் பிழை எண்டு. செஞ்சவன் வாயாலயே சொன்னத்துக்குப் பிறகு நீ என்ன, வக்கீலா?” என்றார் பாஸ்.

 நீங்களும் இதைக் காண்பீர்கள். ஒரு ஆள் ‘என்னுடைய பிழை’ என்று சொல்லிவிட்டால் அதோடு எல்லோரும் கலைந்து போய்விடுகிறார்கள். கார் சூடாகிறது என்று அதன் முள்ளே காட்டினாலும் நாங்கள் அதை நம்பி இருந்துவிடுவதில்லை. முள் பிழையா, தண்ணீர் குறைவா, விசிறி ஓடவில்லையா என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறோம். மனிதன் சொன்னால் மட்டும் தேட மாட்டோம். பிழையை ஏற்றுக்கொள்கிற ஆள் கிடைத்தால் கராஜில் எல்லோருக்கும் தேடுகிற வேலை மிச்சம்.

சிவராசா அண்ணன் பக்கம் ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். பூட்ட முதல் ஒரு டோர்ச் எடுத்து உள்ளே அடித்துப் பார்த்திருக்கலாம். அவருடைய கையால் கழுவிக் காய வைத்த சாமான், தான் இல்லாத நேரம் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். கடைக்குப் போய் வந்தாலும் சரி, தொழுதுவிட்டு வந்தாலும் சரி, தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் சரி, திரும்பி வந்த கை புதிதாகப் பார்க்க வேண்டும். இதுதான் தொழில் பாடம். மற்றது வேறு பாடம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. கராஜில் கொடி இல்லை, வாசலில் நின்று பகிடி விட ஆளும் இல்லை. பாஸ் வழமைபோலக் குளித்து வெள்ளை உடுத்து, சட்டைப் பையைத் தடவினார். மற்றப் பையைத் தடவினார். வீட்டுக்குப் போன் எடுத்தார்.

“என்ட லேஞ்சி எங்க?” அவர் வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருக்கிற கைக்குட்டை அது. மனைவி மூலையில் பச்சை நூலால் ஒரு சின்னத் தையல் போட்டுக் கொடுத்திருந்தார், பள்ளிவாசலில் மற்றவர்களுடையதோடு மாறிவிடாமல் இருக்க.

மறுபக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு பாஸே சொன்னார், போன வெள்ளி கொண்டுபோன லேஞ்சி வீட்டுக்குத் திரும்பி வரவில்லை, கழுவப் போடவுமில்லை என்று. போனைக் காதில் வைத்தபடியே அவர் மெதுவாகத் திரும்பி, மேனிபோல்ட் காய வைத்திருந்த மேசையைப் பார்த்தார். வெளியே கச்சான் உறுமிக்கொண்டிருந்தது. மேசை முழுக்கப் புழுதி. 

“நான்தான்டா வெச்ச” என்றார். “போகக்குள்ள பாத்தன், மேனிபோல்ட்ட வாய்க்குள்ள காத்து மண்ணக் கொண்டு கொட்டுது. துணி ஒண்டும் கையில அகப்படல்ல. பாங்கும் சொல்றாங்க. லேஞ்சிய நல்லா உள்ள தள்ளிச் செருகிட்டு, வழியில சிவாவக் கண்டா சொல்லுவம் எண்டு போன. அவனக் காணல்ல. மறுகா நெனவே வரல்லடா. ஒரு வாரமா நெனவு வரல்ல.”

அன்று தொழுதுவிட்டுப் பாஸ் சாப்பிடவும் இல்லை. என்னுடைய மோட்டார் சைக்கிளில் ஏறி வீரமுனைக்கு விடு என்றார். 

சிவராசா அண்ணன் வீட்டு முற்றத்தில் ஒரு நீர்ப்பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பிக் கதிரை போட்டார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டார். அவர் எங்களோடு அப்படி நடந்த முதல் நாள் அது.

“எல்லாம் நெனவு வந்திச்சி சிவா” என்றார் பாஸ். “அது என்ட லேஞ்சி.”

“ஓம் பாஸ். மூலையில பச்சை நூல் கிடந்திச்சு. கண்ட உடன தெரியும்.”

“தெரிஞ்சிக்கிட்டா சொன்னாய், ஒன்ட துணி எண்டு? ஏன்டா?”

சிவராசா அண்ணன் பம்பின் மூடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். “ஹாஜியார் நிக்கிறார், அவர்ட மச்சான்மார் நிக்கினம், ஊரே நிக்குது. அவ்வளவு பேருக்கு முன்னால உங்கட லேஞ்சியத் தூக்கிப் பிடிச்சா மறுகா மகள்ட கலியாணம் என்னத்துக்கு ஆகும்? சின்னனில இருந்து நான் கண்ட புள்ள. என்ட பேர் போனா நான் இஞ்ச பம்பு திருத்தியும் சாப்பிடுவன்.”

பாஸின் கண் கலங்கிவிட்டது. “பொறுத்துக்கடா. நாளைக்கே வேலைக்கு வா. ஹாஜியாருக்கிட்ட நானே போய் உள்ளதச் சொல்றன்.”

“பொறுக்க என்ன கிடக்கு பாஸ். மறதி ஆருக்கும் வரும். அதுக்கு எனக்குக் கோபமில்ல.” அவர் மூடியைக் கீழே வைத்தார். “ஆனா நான் பொய் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க எண்டுதான் நினைச்சன். ஆக்கள் போன பிறகு கூப்பிட்டு, ‘சிவா, என்ன நடந்த?’ எண்டு கேப்பீங்க எண்டு நினைச்சன். நீங்க போ எண்டு சொன்ன பிறகும் நிண்டன். இத்தின வருசம் என்ட கையப் பாத்த நீங்க, ஒரு சொல்லுல நம்பிட்டீங்களே. வீட்ட வந்தும் ஒரு வாரம் றோட்டப் பாத்துக்கொண்டு இருந்தன் பாஸ். இனி எனக்கு அங்க வர ஏலா.”

பாஸ் எவ்வளவோ கெஞ்சினார். நானும் கேட்டேன். சிவராசா அண்ணன் எங்களோடு சிரித்தார், தேநீரைக் குடிக்கச் சொன்னார், மகளுடைய கலியாணத்துக்குக் கட்டாயம் வருவேன் என்றார். வேலைக்கு மட்டும் வர மாட்டேன் என்றார். சொன்னபடியே கலியாணத்துக்கு வந்தார், முதல் பந்தியில் எங்களோடு இருந்து சாப்பிட்டார். வேலைக்கு வரவில்லை.

வீரமுனையிலிருந்து திரும்பும்போது பாஸ் நேரே நிந்தவூருக்கு விடச் சொன்னார். காரைதீவுச் சந்தியில் கல்முனைப் பக்கம் திரும்பாமல் மற்றப் பக்கம் திருப்பினேன். கலியாணம் நின்றாலும் நிற்கட்டும் என்ற முடிவோடுதான் அவர் வந்தார், அவருடைய கை என் தோளில் இறுகியதிலேயே அது தெரிந்தது. ஹாஜியாரின் முன்விறாந்தையில் இருந்து, குனிந்த தலையோடு, லேஞ்சிக் கதை முழுவதையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

ஹாஜியார் பாஸின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“லேஞ்சியா? ஒங்கட லேஞ்சியா பாஸ்? இதுக்கா இப்பிடி முகத்த வெச்சிக்கிட்டு வந்தீங்க? ஜும்ஆக்குப் போற அவசரத்துல மனிசனுக்கு மறதி வரத்தானே செய்யும். மண் போகக்கூடாது எண்டு நல்லதுக்குத்தானே வெச்சீங்க. கண்டியில மறு திகதியும் தந்திட்டாங்க, இன்ஷா அல்லாஹ் எல்லாம் சரியா வரும். உடுங்க, உடுங்க. கலியாணத்துக்கு நாளப் பாப்பம்.”

அப்போது கதவு மறைவிலிருந்து அவருடைய மனைவியின் குரல் கேட்டது. அந்தக் கண் தெரியாத மனுஷிதான். “அப்ப அந்தத் தமிழாள்ட பிழ இல்லியா?”

ஹாஜியாரின் சிரிப்பு நின்றது.  வந்த தேநீரை எல்லோரும் குடித்தோம்.

தம்பிமாரே, அதே மனுஷி, அதே கண், அதே துணி. சனிக்கிழமை அது ஒரு மனிதனின் வேலையையும் பேரையும் தின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை அது சிரிப்புக்குரிய ஒரு மறதி. பாஸின் வாயால் வந்தபோது அந்தப் பிழை எவ்வளவு சின்னதாகிப் போனது என்று நான் அந்த விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிவராசா அண்ணன் காப்பாற்றிய கலியாணத்துக்கு எந்த ஆபத்துமே இருக்கவில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது காரைதீவுச் சந்தியில் பாஸ் நிற்பாட்டு என்றார். ஓரமாக நிற்பாட்டினேன். அவர் இறங்கி, வீரமுனைக்குப் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்கள் போயின, வந்தன. இன்னொரு தரம் போய்க் கேட்டுப் பார்ப்போமா பாஸ் என்றேன்.

“என்ன சொல்லிக் கேக்கிற?” என்றார். “நான் நம்பிட்டன் எண்டு அவன் நெனச்சிக்கிட்டு இருக்கான். நான் நம்பல்லடா. அவன் துணிய மறக்கமாட்டான் எண்டு அண்டைக்கே எனக்குத் தெரியும். ஆனா ஹாஜியார் நிக்கக்குள்ள அவன் சொன்னது எனக்கு லேசா இருந்திச்சி. எடுத்துக்கிட்டன்.”

பிறகு பின்னால் ஏறிக்கொண்டு, கல்முனைக்கு விடச் சொன்னார்.